வல்லை வெளியில் வைப்பர் இழுத்தது

எங்கள் காரின் முன்கண்ணாடியில் இரண்டு வைப்பர்கள் இருந்தன. நான் கலியாணம் முடித்து நெல்லியடிப் பக்கம் வந்த நாளிலிருந்து அவை ஒருதரம்கூட அசைந்ததில்லை. இரண்டு பல்லிகள் கண்ணாடியில் ஒட்டிக் காய்ந்துபோனது போல அப்படியே கிடந்தன. அதைப் பற்றிக் கேட்டபோது என் கணவரிடம் பதில் தயாராக இருந்தது.

"மழைக்குள்ளை நான் கார் எடுக்கிறேல்லை. பேந்து வைப்பர் என்னத்துக்கு?"

"வழியிலை மழை வந்தால்?"

"மழை வாற மாதிரிக் கிடந்தால் எடுக்கமாட்டன்."

அதில் பிழை பிடிக்க என்னால் முடியவில்லை. பிழை இருக்கிறது என்று மட்டும் மனதுக்குள் இருந்துகொண்டே இருந்தது.

கார் மாமாவுடையது, இவருடைய அப்பாவுடையது. ஏ போர்ட்டி என்ற பழைய இங்கிலாந்துக் கார். என் கணவரைவிட அதற்கு வயது கூட. மாமா இல்லாமற்போன பிறகு அது இவருக்கு வந்தது. இவர் கூட்டுறவுக் கடையில் வேலை செய்தார்; மிச்ச நேரமெல்லாம் காருக்குக் கீழே கிடந்தார். யுத்தத்தாலும் பொருளாதாரத் தடையாலும் பெற்றோல் கிடையாத காலம் அது. இருமல் மருந்துப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் பெற்றோல் பொக்கிஷம் போல வைத்திருப்பார். அதில் சில துளி விட்டு, முன்னால் நின்று கம்பியைச் சுற்றி, எஞ்சின் எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். கார் போன ஒழுங்கை முழுவதும் யாரோ பெரிய விளக்கொன்றை ஊதி அணைத்தது போல மணக்கும். அந்தப் போத்தலை மகளின் மருந்துப் போத்தல்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாரா என்று நான் ஒவ்வொரு நாளும் பார்ப்பேன். அவர் ஒருநாளும் வைத்ததில்லை. நானும் பார்க்காமல் விட்டதில்லை.

நான் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் சம்பளமில்லாமல் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தொண்டர் ஆசிரியை என்று பெயர். நிரந்தர நியமனத்துக்கு நேர்முகத் தேர்வு என்று அழைப்பு வந்தபோது மகளுக்கு எட்டு மாதம். மார்கழியில் ஒரு காலை, ஒன்பது மணிக்கு, யாழ்ப்பாணத்தில் கல்விக் கந்தோரில். அன்றைக்குத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது. கூட்டுறவுக் கடைச் சம்பளத்தில் நான்கு பேர் இருக்கிறோம் என்பதும், இனியும் நான் சும்மா படிப்பித்துக்கொண்டிருக்க இயலாது என்பதும் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயங்கள்.

மகள் என் பாலைத் தவிர வேறொன்றுக்கும் சரியாக வாய் திறக்கமாட்டாள். பால்மா கடைகளில் இல்லை. ஆகவே நான் போனால் மகளும் வரவேண்டும். நான் உள்ளே பதில் சொல்லும்போது அவளை வைத்திருக்க மாமி, இவருடைய அம்மா, வரவேண்டும். மாமி வந்தால் தொட்டில் கட்டும் ஏணைச் சீலையும் ஏணைக் கயிறும் கூடவே வரும். ஏணையில் ஆட்டாமல் பிள்ளை நித்திரை கொள்ளாது என்பதில் மாமி உறுதியாக இருந்தார். "கந்தோரிலை எங்கை மாமி ஏணை கட்டுறது?" என்று கேட்டேன். "கந்தோருக்குக் கூரை வளை இல்லையோ? முகடு இல்லையோ?" என்றார். இவ்வளவையும் சைக்கிளில் ஏற்ற முடியாது. பஸ் வரும் என்று நம்ப முடியாது. கார்தான். ஆனால் மார்கழி.

"இஞ்சருங்கோ, அண்டைக்கு மழை வந்தால் காரை எடுப்பியளோ?"

அவர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். பிறகு, "வைப்பரைத் திருத்துவம்" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை எங்கள் கலியாணப் படத்தில்கூட நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை தொடங்கியது. வைப்பர்களைக் கழற்றினார். அவற்றின் றப்பர் தொட்டவுடன் பொரிமா உருண்டை போல உதிர்ந்தது. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிப் புது நாக்குச் செய்து பொருத்தினார். பிறகு உள்ளேயிருந்த சின்ன மோட்டாரையும், அதிலிருந்து வைப்பர்களுக்குப் போகும் கம்பியையும், வைப்பர்கள் நிற்கும் இரண்டு அச்சுகளையும் கழற்றிச் சாக்கில் பரப்பினார். மாமா காலத்துக் கிறீஸ் அவற்றில் பழம்புளி போல இறுகிக் கிடந்தது. அதைக் கரைக்க மண்ணெண்ணெய் வேண்டும் என்றார். விளக்குக்கு வைத்திருந்ததில் ஒரு சிரட்டை அளவு மாமி அளந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, அது முடியும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

எல்லாம் துடைத்துப் பளபளவென்று ஆன பிறகுதான் பிரச்சினை வந்தது. இனி எதைப் பூசுவது? கிறீஸ் கடையில் இல்லை. எஞ்சின் எண்ணெய் எஞ்சினுக்கே போதாது. எங்கள் வீட்டில் என்னென்ன எண்ணெய் இருக்கிறது என்று நான் குசினிக்குள் போய்ப் பார்த்தேன்.

"நல்லெண்ணை கிடக்கு" என்றேன்.

"அது சனிக்கிழமை விளக்குக்கு" என்றார் மாமி. "சனியனுக்கு வைச்சதை எடுத்துக் காருக்குப் பூசிப்போட்டு, பேந்து ஆருக்கு ஆர் பதில் சொல்லுறது?"

"வேப்பெண்ணை?"

"கந்தோருக்குள்ளை நீர் போக முன்னம் உம்மடை மணம் போகும்" என்றார் என் கணவர்.

ஆமணக்கெண்ணெய் ஒரு சின்னப் போத்தலில் இருந்தது. அது மகளின் வயிற்றுக்கு. அதை நான் எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டே வெளியில் வந்தேன். மிஞ்சியது தேங்காய் எண்ணெய்.

"தேங்காயெண்ணை பூசலாமோ?" என்று அவர் என்னைக் கேட்டார். "நீர்தானே விஞ்ஞானம்."

நான் யோசித்தேன். உராய்வைக் குறைப்பதற்கு உயவு எண்ணெய் பயன்படும் என்று பத்தாம் வகுப்புக்கு நானே எழுதிப் போட்டிருந்தேன். எந்த எண்ணெய் என்று புத்தகத்தில் இல்லை. துருப் பிடிக்குமோ என்றேன். பிடிக்காது என்றார். எறும்பு வருமோ என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அதோடு நிறுத்திக்கொண்டேன். கோழிச் செட்டையால் தொட்டுத் தொட்டு மோட்டாரின் பல்லுகளுக்கும் கம்பிக்கும் அச்சுகளுக்கும் தாராளமாகப் பூசினார். "காணும், தலைக்கு வைக்கவும் கொஞ்சம் விடு மோனை" என்று மாமி சொல்லும்வரை பூசினார்.

மத்தியான வெயிலில் வெள்ளோட்டம் பார்த்தோம். மாமி வைப்பர்களுக்குத் திருநீறு பூசினார். நான் கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றினேன். அவர் உள்ளேயிருந்து வைப்பர் சுவிச்சுக் கட்டையை இழுத்தார். முதலில் ஒரு உறுமல். பிறகு இரண்டு வைப்பர்களும் எழுந்து, தயங்கி, ஒன்றாகச் சாய்ந்து, திரும்பி வந்தன. என் இடுப்பிலிருந்த மகள் அவற்றோடு சேர்ந்து தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். நான் இன்னொரு வாளி ஊற்றினேன். அவள் சிரித்தாள். கழுத்து நோகுமோ என்று பயந்து அவள் முகத்தை என் தோளில் திருப்பி வைத்தேன்.

நேர்முகத் தேர்வு நாள் விடிய, குளிரில் நடுங்கிக்கொண்டு எழும்பினேன். வாசிக சாலை ஒலிபெருக்கியில் திருவெம்பாவை போய்க்கொண்டிருந்தது. தலைக்கு எண்ணெய் வைக்கப் போத்தலை எடுத்தேன். வழக்கம் போல உள்ளே வெள்ளை மெழுகாக உறைந்திருந்தது. மார்கழியில் எங்கள் வீட்டில் இது தினமும் நடப்பதுதான். அடுப்புக்குப் பக்கத்தில் போத்தலைச் சாய்த்து வைத்துவிட்டு, அது உருகும்வரை பதார்த்தங்களின் உறைநிலை, உருகுநிலை என்று கேள்வி வந்தால் சொல்லவேண்டியவற்றை மனப்பாடம் செய்தேன். எண்ணெய் உருகியது. தலையில் வைத்து வாரிப் பின்னிக் காரில் ஏறினேன். அந்தப் போத்தலுக்கும் காருக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. எதற்கெல்லாமோ பயப்படும் நான் அதற்குப் பயப்படவில்லை.

வல்லை வெளிக்கு வரும்வரை மழை இல்லை. அங்கே இரண்டு பக்கமும் வெறும் வெளியும் தண்ணீரும்தான். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. நடு வெளிக்கு வந்தபோது காற்று திரும்பியது. அடுத்த நிமிடம் முன்கண்ணாடி முழுவதும் வெள்ளையாகிவிட்டது.

என் கணவர் பெருமையோடு கட்டையை இழுத்தார். மோட்டார் உறுமியது. வைப்பர்கள் ஒரு விரல் அளவு எழுந்து, நடுங்கி, திரும்பப் படுத்துக்கொண்டன. மறுபடி இழுத்தார். இந்தமுறை எழும்பவே இல்லை.

காரை நிறுத்தி இறங்கினார். துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு வைப்பர் அச்சடியில் விரலை விட்டுத் தோண்டினார். விரல் நுனியில் வெண்ணெய் போல எதையோ எடுத்துக்கொண்டு என் யன்னலுக்கு வந்து நீட்டினார். நான் அதைப் பார்த்தேன். மணந்தேன். என் தலையும் அதே மணம் மணந்தது.

"உறைஞ்சு போச்சுது" என்றேன்.

"அது எனக்கும் தெரியுது" என்றார்.

மாமி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "விடிய விடியப் போத்திலை அடுப்படியிலை வைச்சு உருக்கிறாய் பிள்ளை. காரையும் அடுப்படியிலை வைச்செல்லோ கொண்டு வந்திருக்கோணும்."

எனக்கு அழுகை வந்தது. மணி போய்க்கொண்டிருந்தது. திரும்பவும் முடியாது, போகவும் முடியாது. மாமி தன் வெற்றிலைப் பையிலிருந்து ஒரு துண்டுப் புகையிலையை எடுத்து நீட்டி, "இதாலை கண்ணாடியைத் தேய் மோனை, தண்ணி ஒட்டாது" என்றார். இவர் தேய்த்தார். கொஞ்சத் தூரம் தெரிந்தது. பிறகு எல்லாமே மண்ணிறமாகத் தெரிந்தது.

அப்போதுதான் அவருடைய கண் மாமியின் காலடியிலிருந்த ஏணைக் கயிற்றில் விழுந்தது. மோட்டாரிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டார். இப்போது வைப்பர்களைக் கையால் பலமாக இழுத்தால் அசைந்தன. கயிற்றை இரண்டாக வெட்டினார். ஒரு துண்டை இடது வைப்பரில் கட்டி, பின்சீற்றில் இடது பக்கம் இருந்த என்னிடம் யன்னலால் தந்தார். மற்றதை வலது வைப்பரில் கட்டி, தன் சீற்றுக்குப் பின்னால் இருந்த மாமியிடம் கொடுத்தார்.

"இவ இழுக்கேக்கை நீங்கள் விடுங்கோ அம்மா. நீங்கள் இழுக்கேக்கை இவ விடுவா. மாறி மாறி."

"தேர் இழுத்த எனக்கு நீ சொல்லித் தரவேண்டாம்" என்றார் மாமி. முதல் இழுப்புக்கு "அரோகரா!" என்றும் சொன்னார்.

கார் ஊர்ந்தது. மகள் என் மடியில் கிடந்தாள். திறந்த யன்னலால் வந்த சாரல் அவளில் படாமல் ஒரு கையால் சீலையைப் பிடித்தேன்; மற்றக் கையால் வைப்பர் இழுத்தேன். சளி பிடிக்குமா, சீலை நனையுமா, நேரத்துக்குப் போவோமா என்று மாறி மாறி யோசித்ததில் என் முறை தவறியது. இரண்டு பேரும் ஒன்றாக இழுத்தோம். வைப்பர்கள் நடுவில் நின்று முறுகின.

"விடு பிள்ளை! விடு! உனக்கு இழுக்கத்தான் தெரியும், விடத் தெரியாது!"

அப்படிப் போகும்போதுதான் பாலத்தடியில் ஒருவர் நின்றார். வெள்ளைச் சேட்டு, கக்கத்தில் ஒரு கோப்பு, கையில் காற்று மடக்கிவிட்ட குடை. பக்கத்தில் சங்கிலி அறுந்த சைக்கிள். காரை மறித்தார்.

"கல்விக் கந்தோருக்குப் போகோணும். ஒன்பது மணிக்கு இன்ரவியூ."

"எங்களுக்கும் அதுதான்" என்றார் என் கணவர் உற்சாகமாக. "நீங்களும் இன்ரவியூவுக்கோ?"

"நான்தான் வைக்கிறது" என்றார் அவர்.

சைக்கிளைக் காரின் பின்னால் கட்டினார்கள். அவர் முன்சீற்றில், எனக்கு நேர் முன்னால் ஏறி உட்கார்ந்தார். வணக்கம் சொல்லவேண்டும், ஒரு கையில் பிள்ளை, மறு கையில் கயிறு. "வணக்கம் சேர்" என்று வாயால் மட்டும் சொன்னேன். மகள் அந்த நேரம் பார்த்துப் பசியில் வீரிட்டாள்.

"பிள்ளைக்குப் பாலைக் குடு" என்றார் மாமி. பிறகு முன்னால் எட்டி, என் கயிற்றை எடுத்து அந்த மனிதரின் தோளுக்கு மேலால் நீட்டினார். "தம்பி, இதை ஒருக்காப் பிடியுங்கோ."

"என்னம்மா இது?"

"வைப்பர்."

அவர் கயிற்றைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார். வேறு வழியும் இருக்கவில்லை. அவர் ஏறி உட்கார்ந்த நேரத்துக்குள் பாதை மறைந்துபோயிருந்தது. நான் சீலைத் தலைப்பால் மூடி மகளுக்குப் பால் கொடுத்தேன். என்னிடம் கேள்வி கேட்கப்போகும் மனிதரின் பிடரிக்குப் பின்னால் இருந்துகொண்டு பால் கொடுக்கலாமா என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்திருக்கவில்லை.

"நான் இழுக்கேக்கை நீங்கள் விடோணும் தம்பி. கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருந்தால் எப்பிடி?"

"விடுறன் அம்மா."

"இப்ப இழுங்கோ. நல்லா இழுங்கோ, சாப்பிட்டனீங்களோ இல்லையோ?"

"விடியவே சாப்பிட்டன் அம்மா" என்று அவர் மூச்சு வாங்கச் சொன்னார். அவருடைய இடது கை முழங்கைவரை நனைந்து, கயிற்றுக் கறுப்பு வெள்ளைச் சேட்டில் கோடு கோடாக ஏறிக்கொண்டிருந்தது.

கொஞ்சத் தூரம் போனதும் மாமி, "தம்பி, உவளிட்டைக் கேக்கிறதை இப்பவே கேட்டால் என்ன? அங்கை போய் மினைக்கெடத் தேவையில்லையே" என்றார்.

"மாமி!" என்றேன்.

"அப்பிடிக் கேக்கேலாது அம்மா" என்றார் அவர். "முறையெண்டு ஒண்டு இருக்கு. மேசையிலை வைச்சுத்தான் கேக்கலாம். மூண்டு பேர் இருக்கோணும்."

"இஞ்சையும் மூண்டு பேர் இருக்கிறம்" என்றார் என் கணவர்.

அந்த மனிதர் மூக்கைச் சுருக்கிக் கயிற்றை மணந்தார். கழுத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"என்ன, தேங்காயெண்ணை மணக்குது?"

எண்ணெய் வைத்த என் பின்னலை நான் சீலைத் தலைப்பால் மூடினேன்.

"வைப்பருக்குப் பூசினது சேர்" என்றேன். "உறைஞ்சு போச்சுது."

"எந்தப் பாடத்துக்கு விண்ணப்பிச்சிருக்கிறியள்?"

"விஞ்ஞானம் சேர்."

"ம்" என்றார். அதற்குப் பிறகு நல்லூர் வரை மாமிக்கு மட்டும்தான் பதில் சொன்னார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பிறகு ஒரு ஆறுதல் வந்தது: அவர் எங்கள் காரில் இருக்கும்வரை நாங்கள் பிந்தமுடியாது. அதற்கடுத்த நிமிடம், அவர் பிந்தியதற்கும் நாங்கள்தானே காரணமாவோம் என்று தோன்றி அந்த ஆறுதலும் போய்விட்டது.

கந்தோர் வாசலில் மழை விட்டிருந்தது. அவர் இறங்கி, கயிற்றை மாமியிடம் ஒப்படைத்து, சைக்கிளை அவிழ்த்துச் சுவரில் சாத்தி, சேட்டை ஒருமுறை குனிந்து பார்த்து, உள்ளே போனார். மாமி இரண்டு துண்டுக் கயிற்றையும் வைப்பர்களிலிருந்து அவிழ்த்து, முடிச்சுப் போட்டு ஒன்றாக்கி, கந்தோர் விறாந்தை வளையில் ஏணை கட்டினார். காவலாளி ஏதோ சொல்ல வந்தான். மாமி அவனிடம் சீலையின் ஒரு நுனியைப் பிடிக்கக் கொடுத்தார். அவனும் பிடித்தான்.

என் பெயரைக் கூப்பிட்டபோது உள்ளே மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். நடுவில் அவர். இடது சேட்டுக்கை முழங்கைக்கு மேலே மடித்திருந்தது. என்னை முன்பின் கண்டிராதவர் போல, "உங்கடை பெயர்?" என்று கேட்டார். சொன்னேன். படிப்பு, அனுபவம் எல்லாம் கேட்டார்கள். சொன்னேன். உறைநிலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்று நான் அவர் முகத்தைப் பார்த்தபோதெல்லாம் அவர் கோப்பைப் பார்த்தார்.

கடைசியில், ஓரத்திலிருந்த அதிகாரி அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார். அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் பல நாட்களாகப் பயந்துகொண்டிருந்தேன்.

"கைக்குழந்தை இருக்குது எண்டு போட்டிருக்கு. தூரத்துப் பள்ளிக்கூடம் கிடைச்சால் என்னெண்டு சமாளிப்பீர்?"

அதற்கு நான் மூன்று விடைகள் மனப்பாடம் செய்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. யன்னலுக்கு வெளியே ஏணை இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு மாமி, காவலாளியிடம் விறாந்தையைக் கூட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுவிலிருந்தவரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். நோகிற இடது தோளை வலது கையால் பிடித்துவிட்டுக்கொண்டு சொன்னார்:

"மாமியார் இருக்கிறா. அவ இந்தக் குடும்பத்தையும் சமாளிப்பா, பள்ளிக்கூடத்தையும் சமாளிப்பா. அடுத்த ஆளைக் கூப்பிடுங்கோ."

தைப்பொங்கலுக்குப் பிறகு நான் சம்பளம் வாங்கும் ஆசிரியையாகப் பள்ளிக்கூடம் போனேன். என் விடைகளுக்காகக் கிடைத்ததா, மாமிக்காகக் கிடைத்ததா என்று அப்போது யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன். என் கணவரிடம் கேட்டால், "தேங்காயெண்ணைக்காகக் கிடைச்சது" என்பார்.

ஆனால் அன்று திரும்பும்போது எங்களுக்கு அதொன்றும் தெரியாது. நான் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் திரும்பத் திரும்ப என் கணவருக்கு ஒப்புவித்துக்கொண்டு வந்தேன். வானம் வெளித்து வெயில் எரித்தது. நான் உள்ளே இருந்த நேரத்தில் அவர் கம்பியை மறுபடி மோட்டாரோடு பூட்டியிருந்தார். நல்லூர் வீதியில், ரியூசனுக்குப் போகும் பிள்ளைகளின் சைக்கிள்களுக்கு நடுவே, திடீரென்று ஒரு உறுமல் கேட்டது. வெயிலில் எண்ணெய் உருகிவிட்டது. காலையில் இழுத்த கட்டையை யாரும் திரும்பத் தள்ளவில்லை. இரண்டு வைப்பர்களும் எழுந்து, காய்ந்த கண்ணாடியில் கிறீச் கிறீச் என்று வேலை செய்யத் தொடங்கின.

சைக்கிளில் போன பிள்ளைகள் சிரித்தார்கள். "அங்கிள், மழை விட்டிட்டுது!" என்று ஒருத்தி கத்தினாள். அவர் அவசரமாகக் கட்டையைத் தள்ளப் போனார்.

"நிப்பாட்டாதை மோனை!" என்று மாமி பின்னாலிருந்து அடங்கிய குரலில் சொன்னார்.

முன்சீற்றில் இருந்த நான் திரும்பிப் பார்த்தேன். மகள் மாமியின் மடியில் நிமிர்ந்து இருந்து, வைப்பர்களைப் பார்த்துத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டம் மெல்ல மெல்லக் குறைந்தது. கண் செருகியது. மாமியின் நெஞ்சில் அப்படியே சாய்ந்தாள். ஏணை இல்லாமல் அவள் நித்திரையானது அதுதான் முதல் தடவை.

கோப்பாய் தாண்டி, வல்லை வெளி தாண்டி, ஒரு மேகமும் இல்லாத வானத்துக்குக் கீழே, வைப்பர்கள் ஓட ஓட வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். கண்ணாடியில் கீறல் விழுமோ என்று எனக்கு ஒரே பயம். ஆனாலும் நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.